அறுவை வீதியும் பழந்துணிக் கடையும்

தமிழகத்தார் புடைவை என்னும் சொல்லாற் பெண்டிர் உடுக்கும் சேலையை மாத்திரமே குறிப்பர். ஈழத்திலோ அச்சொல் உடுக்கத்தகும் துணி அனைத்துக்கும் பொதுப்பெயராய் நிற்கின்றது. யாழ்ப்பாணத்துப் பெரியகடையிலாயினும் கொழும்புப் புறக்கோட்டையிலாயினும், புடைவைக் கடை என்று பலகை தொங்கும் இடத்திற் சேலையோடு வேட்டியும் சாறமும் சால்வையும் சட்டைத்துணியும் ஒருங்கே கிடைக்கும். பொருள் இவ்வாறு விரிந்தும் சுருங்கியும் வழங்கும் சொற்கள் உடை பற்றித் தமிழிற் பல உள. துகில், கலிங்கம், தூசு, கூறை, அறுவை, துணி என அவை நிரல்படும். இவற்றுள் ஈற்றில் நின்ற இரண்டும் நம் கருத்தை ஈர்ப்பன.

அறுக்கப்பட்டது அறுவை, துணிக்கப்பட்டது துணி. இரண்டும் வெட்டுதல் என்னும் தொழிலடியாகப் பிறந்தவை. தறியில் நெடிதாக ஓடிய நெசவு, உடுப்பவன் ஒருவனுக்கென ஓரிடத்தில் வெட்டப்படும்போதே அவனுக்குரிய உடையாகின்றது. துணிதல் என்பதற்கு முடிவுசெய்தல் என்ற பொருளும் உண்டு என்பதை மாணவர் அறிவர். வெட்டிய துணியை மீண்டும் தறியில் ஏற்றல் இயலாது. ஆதலின் வெட்டுமுன் ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்குத் தமிழர் வைத்த பெயர் தெரிதல். காணுதல், அறிதல், தேர்ந்துகொள்ளுதல் ஆகிய மூன்றையும் அச்சொல் ஒருங்கே தழுவும். திருக்குறளிலே தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என மூன்று அதிகாரங்கள் அச்சொல்லைத் தலையிற் கொண்டு நிற்கின்றன. நகரத்துக் கடைகளிற் புத்துடை வாங்குவோரும் பழைய உடை வாங்குவோரும் செய்ய வேண்டுவது இத்தெரிதலே என்பதும், உடையினால் வரும் மதிப்பும் இழிவும் அதனையே பற்றி நிற்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மதுரையில் ஓர் அறுவை வீதி

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிற் கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுத் தான் தனியே மதுரை நகரைக் காணச் செல்கின்றான். அவன் கண்ட வீதிகளுள் ஒன்று அறுவை வீதி. பருத்தி நூலாலும் மயிராலும் பட்டு நூலாலும் நெய்த மடிகள், இன்னது இன்ன வகை என்று பிரித்தறிய இயலாதவாறு, நூற்றுக்கணக்கான அடுக்குகளாய் அங்கே செறிந்திருந்தன என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். வகை தெரியாத மிகுதியே அவ்வீதியின் பெருமையாகச் சொல்லப்பட்டது. அக்காட்சியைக் கண்டவனோ வாங்கும் நிலையில் இருந்தவன் அல்லன். புகார் நகரத்துப் பெருவணிகனின் மகன், செல்வமெல்லாம் இழந்து, மனைவியின் சிலம்பை விற்று மீண்டும் பொருளீட்ட வந்தவன், பிறர் பொருளை நோக்கிக்கொண்டு நடக்கின்றான். இன்று கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் ஆடையணிந்த பாவையை வீதியில் நின்று நோக்கிச் செல்லும் ஏழை இளைஞனுக்கு அவன் முன்னோன் என்று கூறலாம்.

அவ்வீதியிற் புலமையும் இருந்தது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் புலவரின் பாடல்கள் அகநானூறு, நற்றிணை முதலிய தொகைகளில் உள்ளன. துணிக்கடை வைத்திருந்த ஒருவர் அகத்திணை பாடினார் என்பதில் வியப்பில்லை. நாள்தோறும் பலர் வந்து விரும்பி, தயங்கி, விலை கேட்டு, வாங்காது மீளும் இடத்தில் மனித மனத்தைக் கற்றற்கு வாய்ப்பு மிகுதி.

புகார் நகரின் மருவூர்ப் பாக்கத்தை வருணிக்கும் பகுதியில், நெசவு செய்யும் காருகரையும் தைக்கும் துன்னகாரரையும் சொன்ன அடிகள், கிழியையும் கிடையையும் கொண்டு பல தொழில் செய்வோரையும் மறவாது சொல்லுகின்றார். கிழி என்பது துணி. கிடை என்பது நெட்டி. ஆகவே நெய்வோர், தைப்போர், துணியைக் கொண்டு பிற பொருள் ஆக்குவோர் என்று துணியின் வாழ்வு முழுவதும் ஒரே பாக்கத்தில் அடங்கிக் கிடந்தது எனலாம்.

கொழும்பின் அறுவை வீதிகள்

கொழும்பிலே அத்தகைய வீதி எது என்று வினவின், புறக்கோட்டையின் பிரதான வீதியையும் கெய்சர் வீதியையும் அவற்றை வெட்டிச் செல்லும் குறுக்குத் தெருக்களையும் காட்டலாம். நாட்டாமிமார் கைவண்டியில் ஏற்றிவரும் பொதிகளுள் இந்தியாவின் சூரத்தும் திருப்பூரும் சீனமும் தாய்லாந்தும் ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிடக்கும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் போராக்களும் சிந்திகளும் அவ்வணிகத்திற் பங்குகொண்டவர்கள். வெள்ளவத்தைக் காலி வீதியிலோ சேலைக்கடைகள் மிகுதி. கூறைச் சேலை எடுக்க வருவோர் குடும்பத்தோடு வந்து நெடுநேரம் அமர்ந்திருப்பர். 1983 யூலையில் இவ்விரு பகுதிகளிலும் தமிழர் கடைகள் பல தீக்கிரையாயின. துணி எரியும் வேகத்தை அந்நாளிற் கண்டவர்கள், அதே வீதிகளிற் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டதையும் கண்டார்கள்.

புறக்கோட்டைக் கடையிலே வாங்குவோனுக்கு ஓர் உரிமை உண்டு. அவன் பேரம் பேசலாம்; துணியைக் கையாற் கசக்கலாம்; வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுசென்று நோக்கலாம்; வேண்டாமென்று எழுந்து போகலாம். கொள்ளுப்பிட்டிப் பக்கத்துக் குளிர்சாதனக் கடைகளில் விலை சீட்டிலே அச்சிடப்பட்டிருக்கும். அங்கே பேரத்துக்கு இடமில்லை. வாசலிற் கால்வைக்கும்போதே தன் காலணியைத் தானே குனிந்து நோக்கும் கூச்சம் பலருக்கு உண்டாவதும் உண்மை. எனினும் அவ்வகைக் கடைகளை ஆடம்பரம் என்று ஒரேயடியாய் ஒதுக்குதல் நேர்மையன்று. பார்பரா சன்சோனி (1928–2022) என்னும் ஓவியர் நிறுவிய பெயார்ஃபுட் கடை, கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் நெய்த துணிக்கு நகரத்தில் மதிப்புத் தேடித் தந்தது. நிறங்களை அவர் இணைத்த துணிவினால், கைத்தறி என்றால் வறியோர் உடை என்ற எண்ணம் மாறியது. மருதமுனையின் தறிகளில் நெய்யும் சேலைக்கும் சாறத்துக்கும் அத்தகைய மதிப்பு நகரத்திற் கிடைக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

எச்சத்திற் பிறந்த வணிகம்

கொழும்பின் உடை வணிகத்தில் ஒரு புதுமை உண்டு. 1978ஆம் ஆண்டு கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் நாடெங்கும் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டம் வந்தது. ஆடை நம் நாட்டின் தலையாய கைத்தொழில் ஏற்றுமதியாயிற்று. ஒரு கட்டளைக்கு வேண்டியதினும் சிறிது கூடுதலாகத் தைத்தல் தொழிற்சாலைகளின் வழக்கம். தையல் சிறிது பிசகியவையும் எஞ்சும். அவ்வெச்சங்கள் கொழும்புக் கடைகளிலும் நடைபாதைகளிலும் விற்பனைக்கு வந்தன. பின்னாளில் நாடறிந்த ஓடெல் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஒட்டாரா குணவர்த்தன, தொடக்கத்தில் இத்தகைய எஞ்சிய ஆடைகளைத் தம் மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் வைத்து விற்றவர். நகரத்தின் பெருங்கடை ஒன்று எச்சத்திலிருந்து பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நடைபாதையில் விற்கும் அவ்வகைச் சட்டைகளிற் பெரும்பாலும் கழுத்தருகே தைத்த நிறுவனச் சீட்டு வெட்டப்பட்டிருக்கும். அறுவை என்னும் பெயர் இங்கே வேறொரு வகையிற் பொருந்துகின்றது. இலண்டனிலே பெரும்விலை பெறும் சட்டை, பெயர் அறுபட்டவுடன் புறக்கோட்டையிற் சிறுவிலைக்கு வருகின்றது. நூலும் தையலும் மாறவில்லை. இதனால் நாம் புதுக்கடையிற் கொடுக்கும் விலையில் எவ்வளவு துணிக்கு, எவ்வளவு பெயருக்கு என்ற கேள்வி தானே எழுகின்றது.

பழையதை உடுத்தல் இழிவோ?

எஞ்சிய புத்துடையை விருப்பத்தோடு வாங்கும் நம்மவர், பிறர் உடுத்துக் கழித்ததை வாங்கக் கூசுவர். பிறர் உடுத்ததைத் தொட்டால் அவர் வினையும் தொடரும் என்பாரும் உளர். இக்கூச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. நம் சமுதாயத்தில் உடை என்றும் அதிகாரத்தின் கையிலேயே இருந்துவந்தது. திருவிதாங்கூரிற் சாணார் பெண்டிர் மார்பை மறைத்து உடுக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடியே 1859ஆம் ஆண்டின் அரச அறிவிப்பைப் பெற்றனர். யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்டோர் மேலாடை அணிதற்குத் தடைகள் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தன. வேலை செய்வோனுக்கு எசமான் தன் கிழிந்த வேட்டியை எறிவதும், அவன் அதனை இரு கையாலும் ஏந்துவதும் வழக்கமாயிருந்த ஊர்களிற் பழைய உடை அடிமையின் அடையாளமாகவே தோன்றும். ஆகவே அக்கூச்சத்தை நகைத்தல் தகாது. ஆயினும் அதன் வேரை அறிதல் வேண்டும். அங்கே இழிவாயிருந்தது உடையின் பழைமை அன்று. அதனைப் பெற்றவனுக்குத் தெரிவு இல்லாமையே.

பொருநராற்றுப்படையில் இவ்வுண்மை வேறொரு கோணத்திற் புலப்படும். ஈரும் பேனும் குடியேறி, வியர்வையால் நனைந்து, வேறு நூல் புகுத்தித் தைக்கப்பட்ட கந்தையோடு வந்த பொருநனுக்குக் கரிகாலன் அதனைக் களைந்து புத்தாடை நல்குகின்றான். இழை ஓடும் வழி கண்ணுக்குப் புலப்படாத அம்மெல்லிய ஆடையைப் புலவர் பாம்பின் உரிக்கு ஒப்பிடுகின்றார். பாம்பு கழற்றியதை இன்றும் பாம்புச் சட்டை என்றே நாம் வழங்குகின்றோம். மன்னனின் ஈகை பெரிது, ஐயமில்லை. எனினும் பொருநன் அந்த ஆடையைத் தெரிந்துகொண்டவன் அல்லன். கொடுத்ததைப் பெற்றான். அவன் தைத்து வைத்திருந்த கந்தையிலோ அவனுடைய கையின் அல்லது அவன் மனையாளின் கையின் உழைப்பு இருந்தது.

பௌத்த மரபு கந்தையை இழிவென்று கருதவில்லை. பிறர் கழித்த துணிகளைத் திரட்டித் துவைத்துத் தைத்த பாம்சுகூலச் சீவரம் துறவியர்க்குச் சிறப்பாகவே எண்ணப்பட்டது. மகத நாட்டு வயல்களின் வரம்பைப் போலத் துண்டுகளை இணைத்து ஆனந்த தேரர் சீவரத்தை அமைத்தார் என்று விநய நூல் கூறும். அங்கே கந்தையை உடுத்தவர் அதனைத் தாமே விரும்பித் தேர்ந்தவர். ஆதலின் இழிவு அணுகவில்லை.

மேனாட்டு நகரங்களில் எழுந்த பழந்துணிக் கடைகளின் சிறப்பும் இதுவே. 1942இற் பஞ்ச நிவாரணத்துக்கென ஒக்ஸ்போட் நகரிலே தோன்றிய ஒக்ஸ்பாம், 1940களின் இறுதியில் அந்நகரின் பிரோட் வீதியிற் கடை ஒன்றைத் திறந்தது. இரக்கமுடையோர் கொடுத்த பொருள்களை விற்று வரும் பணத்தை அறப்பணிக்கு ஆக்குதல் அதன் முறை. இன்று பிரித்தானியாவில் இத்தகைய அறக்கடை இல்லாத கடைத்தெருவைக் காண்டல் அரிது. அங்கே ஏழையும் செல்வனும் ஒரே தாங்கியில் தொங்கும் சட்டைகளைத் தள்ளித் தள்ளி நோக்குவர். சிறுவிலை எனினும் விலை கொடுத்து வாங்குவோனுக்கு எவருக்கும் நன்றி கூறித் தலைதாழ்த்தும் கடன் இல்லை. வேண்டாமெனச் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு.

பழைய உடை தன்னை முன்னே உடுத்தவரின் கதையைச் சுமந்து நிற்கும் என்பதனைச் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நன்கு உணர்ந்தவர். 1836இல் வெளிவந்த அவரது முதல் நூலிலே இலண்டனின் மொன்மத் வீதிப் பழந்துணிக் கடைகளைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. கடைமுன் தொங்கும் சில உடைகளை நோக்கியவாறே, அவை அனைத்தும் ஒருவனுடையவை என்று கற்பித்து, அவன் சிறுவனாயிருந்த நாள் முதற் சீரழிந்த நாள் வரையுள்ள வாழ்வை அவர் கட்டி எழுப்புகின்றார். கடையில் நின்று மனித வாழ்வைப் படித்த அவ்விலண்டன் எழுத்தாளரும், மதுரை அறுவை வாணிகரும் ஒரே பள்ளியிற் பயின்றவர்களே.

நம்மவரிடத்து ஒரு முரண்பாட்டையும் காண்கின்றோம். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவினர் பெட்டியைத் திறந்து பாதி உடுத்த மேற்சட்டைகளையும் காற்சட்டைகளையும் பங்கிடும்போது, வெளிநாட்டு உடுப்பு என்று மகிழ்ந்து ஏற்போர் பலர். அவற்றுட் சில அங்குள்ள அறக்கடையில் வாங்கப்பட்டனவாயும் இருத்தல் கூடும். கடல் கடந்து வந்தால் மதிப்பும், அடுத்த தெருவிலிருந்து வந்தால் இழிவும் எய்தும் இந்நியாயம் ஆராயத்தக்கது.

மலிவுக்கு யார் விலை கொடுக்கின்றனர்?

பழந்துணி வணிகம் முழுவதும் நன்மையே என்று சொல்லிவிடலும் தகாது. செல்வ நாடுகளிற் கழிக்கப்படும் உடைகளில் ஒரு பகுதி பொதிபொதியாய் ஆபிரிக்காவுக்குக் கப்பலேறுகின்றது. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் உள்ள கந்தமாந்தோ சந்தைக்கு வாரந்தோறும் ஏறத்தாழ 1.5 கோடி உடைகள் வருவதாகக் கணிப்பர். அந்நாட்டு அக்கான் மொழியில் அவற்றுக்கு இறந்துபோன வெள்ளையனின் உடை என்று பெயர். இவ்வளவு நல்ல உடையை உயிரோடிருப்பவன் எவனும் எறிவானோ என்ற வியப்பு அப்பெயரிற் பொதிந்துள்ளது. இன்றோ வரும் பொதிகளில் விற்கத் தகாத குப்பை மிகுந்து, அக்ராவின் கடற்கரையிற் கந்தைகள் கயிறாய்த் திரண்டு கிடக்கின்றன. 2025 சனவரித் தொடக்கத்தில் அச்சந்தையின் பெரும்பகுதி எரிந்தது. வணிகர் அவ்விடத்திலேயே மீண்டும் கடைகளை எழுப்பினர்.

இத்துணை உடை எறியப்படுவது இத்துணை மலிவாய்த் தைக்கப்படுவதனாலன்றோ! அம்மலிவின் விலை 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி உலகுக்குத் தெரிந்தது. டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மேனாட்டுக் கடைகளுக்கு உடை தைத்த பெண்கள். முந்தின நாளே சுவரில் வெடிப்புக் காணப்பட்டும் அவர்களை வேலைக்கு அழைத்தனர். நம் நாட்டிற் கட்டுநாயக்காவிலும் பிற வலயங்களிலும் தையற்பொறியின் முன் அமர்ந்திருப்போரும் பெரும்பாலும் கிராமத்துப் பெண்களே. ஒரு சட்டையைக் கையில் எடுக்கும்போது அதன் தையலிலே ஒரு பெண்ணின் நேரம் இருப்பதை நினைத்தல், தெரிதலின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

தெரியும் முறை

இவற்றையெல்லாம் எண்ணி மயங்குவோர்க்கு நம் முதியோர் கைக்கொண்ட சில எளிய முறைகள் உதவும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊடும் பாவும் நெருங்கியிருக்கின்றனவா என்பது விளங்கும். மடிப்பை உட்புறம் திருப்பித் தையலை நோக்குக. தையலுக்கு அப்பால் ஒரு விரலளவு துணி விடப்பட்டிருந்தால், உடல் பெருத்தாலும் பிரித்துத் தைக்கலாம். பழைய உடையாயின் அக்குளையும் கழுத்துப்பட்டியையும் முழங்கால் இடத்தையும் முதலில் நோக்குக; தேய்வு அங்கேதான் தோன்றும். கடைக்காரர் பருத்தி என்று கூறும் துணியிலிருந்து ஓர் இழையை உருவி எரித்தால், பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலாகும்; பொலியெஸ்டர் உருகி மணிபோல் இறுகும். உலகில் இன்று ஆக்கப்படும் நாரிற் பாதிக்கு மேற்பட்டது மண்ணெண்ணெயின் உறவினதாகிய அப்பொலியெஸ்டரே. நம் வெப்ப நாட்டில் அதனை உடுத்து வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் துன்பத்தை ஆசிரியர் அறிவர்.

எத்தனை உடை வேண்டும் என்பதற்கும் விடை நம் இலக்கியத்தில் உண்டு. உலகாளும் அரசனுக்கும் இரவும் பகலும் உறங்காது வேட்டையாடும் வறியவனுக்கும் உணவின் அளவும் உடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்று மதுரை நக்கீரனார் புறநானூற்றிற் சொன்னார். அதே மதுரையிலே, 1921 செத்தெம்பர் 22ஆந் திகதி, காந்தியடிகள் தம் சட்டையையும் தொப்பியையும் நீக்கி முழந்துண்டை உடுத்தார். கதர் வாங்கப் பணமில்லை என்று கூறிய ஏழைகளின் நிலையை எண்ணி அவர் தாமே செய்துகொண்ட தெரிவு அது. அறுவை வீதி இருந்த ஊரிலேயே இவ்விரண்டும் நிகழ்ந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

2022 செத்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியது. அந்நாள் தொட்டு, சீருடைக்கும் காலணிக்கும் அஞ்சிப் பள்ளிக்கு வரக் கூசும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உளர். அவர்களுக்கு உதவ முன்வருவோர் பலர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் உதவும் முறையை நோக்குக. மேடை அமைத்து, பெயர் கூறி அழைத்து, படம்பிடிப்பவன் சொல்லும் வரை பொதியை இருபுறமும் பிடித்து நிற்கச் செய்கின்றோம். சக மாணவர் அனைவரும் பார்த்திருக்கின்றனர். எசமான் எறிந்த வேட்டிக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் நாம் எண்ணுமளவு பெரிதன்று.

இதனினும் எளிய வழி ஒன்று உண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சீருடைகளைத் திரட்டித் துவைத்து, கிழிந்ததைத் தைத்து, தவணை முடிவிலே ஓர் அறையில் மேசைமீது அடுக்கி வைக்கலாம். ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் அங்கேயே வந்து எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நாணயம் விலையாக அமையட்டும். இயலாதவன் இடாது போனாலும் எவரும் அறியாவண்ணம் உண்டியல் மூடியிருக்கட்டும். பிள்ளை இரண்டு மூன்றை எடுத்து நோக்கி, அளந்து, ஒன்றை வைத்துவிட்டு ஒன்றைக் கொள்வான். அவன் வீட்டுக்குக் கொண்டுசெல்வது பழைய சட்டையாயினும் அவன் தெரிந்தெடுத்த சட்டை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று அவனுக்குக் கற்பிக்கும் நாம், அதனைத் தானே தேர்ந்து கட்டும் உரிமையையும் அவனுக்கு அளித்தல் கடனாகும்.